பங்கஜம் யாருடைய கோழி

கோழியைப் பார்த்துக்கொள்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஒருமுறை ஒச்சம்மாளிடம் வந்து கேட்டுப் பார்க்கட்டும். முப்பது வருஷமாக ஆடு, மாடு, மாமியார், மல்லிகைத் தோட்டம் என்று எல்லாவற்றையும் கட்டி மேய்த்தவள் அவள். ஆனால் போன கார்த்திகையில் பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மாள் டீச்சர் பெங்களூருக்குப் பஸ் ஏறும்போது ஒப்படைத்துவிட்டுப் போன ஒற்றை வெள்ளைக் கோழி அவளைப் படுத்திய பாட்டை மேலே சொன்ன எதுவும் படுத்தியதில்லை. மாமியார்கூட.

டீச்சரின் மகள் ஐரின் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். தலைப்பிரசவம். "மூணு மாசம் போய்க் கூட இருந்துட்டு வந்துடறேன் ஒச்சம்மா. பங்கஜத்த மட்டும் பாத்துக்க" என்றார் டீச்சர். பங்கஜம் என்பது கோழியின் பெயர். ஒன்றாம் வகுப்புக்கு முப்பத்திரண்டு வருஷம் பாடம் எடுத்தவர் சும்மா சொல்லிவிட்டுப் போவாரா? முழு வெள்ளைத் தாளில் எழுதியே கொடுத்தார். காலையில் ஒரு கை கம்பு. மத்தியானம் நொய்யரிசி. தண்ணீர் இரண்டு வேளை மாற்ற வேண்டும். பொழுது சாய்வதற்குள் பஞ்சாரத்தில் அடைக்க வேண்டும். கடைசியில் சிவப்பு மையில் 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. ஒச்சம்மாள் அதை எழுத்துக் கூட்டிப் படித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அந்தக் கோழி வந்த கதையைச் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் ஒச்சம்மாளைக் கிறுக்கச்சி என்றுதான் நினைப்பீர்கள். ஆகவே அதைச் சொல்லிவிட்டே போகலாம்.

அது கொரோனா வந்த வருஷம். ஊரே அதைத் திட்டும், சபிக்கும். திட்டத்தான் வேண்டும். ஆனால் ஒச்சம்மாளைத் தனியாக உட்காரவைத்து, உன் ஆயுசில் எந்த நாளைத் திருப்பித் தரலாம் என்று யாராவது கேட்டால், அந்த நாலைந்து மாசத்தில் ஒரு வாரத்தைக் கொடு என்றுதான் சொல்வாள். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள் என்பதால் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

பங்குனி, சித்திரை மல்லிகை கொட்டுகிற காலம். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டைப் பூட்டிவிட்டார்கள். வேன் இல்லை, பஸ் இல்லை. பறிக்காமல் விடவும் மனசு கேட்கவில்லை, பறித்தால் வாங்க நாதியில்லை. கூடை கூடையாகப் பறித்து வரப்பில் கொட்டினாள் ஒச்சம்மாள். மூன்றாம் நாள் டீச்சரின் வீட்டுக்காரர் பிரான்சிஸ் சார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நெடுநெடுவென்ற மனுஷர்.

"அதக் கீழ கொட்டாதம்மா. இங்க கொண்டா. எனக்குப் பூக்கட்டக் கத்துக்குடு."

கற்றுக்கொடுத்தாள். முத்திரை குத்திப் பழகிய அந்தக் கைக்கு நார் பிடிபட நாலு நாள் ஆயிற்று. பிடிபட்ட பிறகு மனுஷர் விடவேயில்லை. அவர் வீட்டு மாதா படத்துக்கு ஒரு மாலை. தோட்டத்து எல்லையில் இருக்கிற கருப்புசாமிக்கு ஒரு மாலை. வேப்பமரத்துக்கு, டிவிஎஸ் வண்டிக்கு, இரண்டு எருமைக்கு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மாலை. தெருவில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் முழம் முழமாகத் தலையில் வைத்துக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவே கல்யாண வீடாக மணத்தது.

சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள வேப்பமரத்தடியில் தாயம் விளையாட்டு. டீச்சர் சாக்பீஸால் கட்டம் போடுவார். சார் கூசாமல் கள்ளாட்டம் ஆடுவார். மொட்டைமாடியில் சிக்னலுக்காக லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐரின் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா காய நகத்திட்டாரு" என்று காட்டிக்கொடுப்பாள். ஒச்சம்மாள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு அந்தப் பக்கம் போகும், டீச்சர் வீட்டுக் கூட்டு, பொரியல் என்று எந்த வெஞ்சனமானாலும் இந்தப் பக்கம் வரும். ஒச்சம்மாளின் புருஷன் பாண்டியராஜ் விடிகாலையில் பூ மூட்டையோடு வண்டி ஏறிப் போனால் எப்போது வருவார், எப்படி வருவார் என்று தெரியாத ஆள். அந்த மாசங்களில் மார்க்கெட்டும் இல்லை, கடையும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தன் புருஷன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் அம்புட்டு நேரம் பார்த்தது அப்போதுதான். பரவாயில்லை, லட்சணமான ஆள்தான் என்று தோன்றியது அவளுக்கு.

ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்ட ஆடி மாசத்தில் ஒருவன் சைக்கிளில் கலர் கோழிக்குஞ்சு கொண்டு வந்தான். பச்சை, ஊதா, மஞ்சள், ரோஸ் என்று சாயம் முக்கிய குஞ்சுகள். சார் முகக்கவசத்தோடு ஓடி ஆறு குஞ்சு வாங்கிவிட்டார். "சின்னப்புள்ளையா நீங்க? நாலு நாள்ல செத்துப்போகும், அப்பறம் ஒக்காந்து அழுவீங்க" என்று டீச்சர் சண்டை பிடித்தார். டீச்சர் சொன்னபடியே ஐந்து செத்தது. சாரும் சொன்னபடியே உட்கார்ந்து அழுதார். ரோஸ் கலர்க் குஞ்சு மட்டும் கெட்டியாக நின்றது. தாமரைப்பூ நிறம் என்று பங்கஜம் எனப் பேர் வைத்தார். சாயம் உதிர்ந்து வெள்ளை இறகு முளைத்த பிறகும் பேர் மாறவில்லை. இந்தக் குஞ்சுகள் எல்லாம் பண்ணையில் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள், இதுவும் சேவல்தான் என்று ஊரே சத்தியம் செய்தது. தை மாசம் அது முட்டை போட்டபோது சார் அந்த முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வைகாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது அலை. தானே நடந்து போய் ஆம்புலன்சில் ஏறியவர். "பங்கஜத்த அடைச்சிருங்க, மழை வார மாதிரி இருக்கு" என்றார். அதுதான் அவர் ஒச்சம்மாள் காதுபடப் பேசிய கடைசிப் பேச்சு. திண்டுக்கல்லிலேயே அடக்கம் முடிந்துவிட்டது. டீச்சரையும் ஐரினையும் தவிர ஒருவரையும் விடவில்லை. அதுவரை கோழியைக் கண்டாலே விளக்குமாற்றை எடுத்த டீச்சர், அதன் பிறகு முன்னறையில் நியூஸ்பேப்பர் விரித்து அதை உள்ளேயே படுக்கவைத்தார். அது பேப்பரை நாசம் செய்யும். டீச்சர் ஒன்றும் சொல்லமாட்டார், வேறு பேப்பர் மாற்றுவார்.

இப்போது புரிந்திருக்கும், அது வெறும் கோழியில்லை என்று.

சரி, நடந்ததற்கு வருவோம். மார்கழி பத்தாம் தேதி இருக்கும். பூ வரத்து குறைந்து, வேலை மட்டுப்பட்டிருந்த நேரம். பஞ்சாரத்துக்குள் அடைந்தே கிடக்கிறதே பாவம் என்று கோழியைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள் ஒச்சம்மாள். செடிக்கு நடுவில் மேயட்டும், புழு பூச்சி தின்னட்டும் என்ற நல்லெண்ணம்தான். வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிட்டு நிமிர்வதற்குள் கத்தல் கேட்டது. எங்கிருந்தோ வந்த செவலை நாய் ஒன்று பங்கஜத்தை இடது இறக்கையோடு கவ்விக்கொண்டு வரப்பில் ஓடியது. மண்வெட்டியை விட்டெறிந்தாள். நாய் போட்டுவிட்டு ஓடியது. இறக்கைக்கு அடியில் தோல் கிழிந்து சதை தெரிந்தது. வெள்ளை இறகெல்லாம் ரத்தம். 

மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து அப்பி, பழைய வேட்டித்துணியில் சுற்றி, மடியில் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆட்டோடு காத்திருந்த ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா இம்புட்டு அலைச்சல்? மசாலா அரைச்சா ஒரு மணி நேர வேலை" என்றான். ஒச்சம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஆட்டை இழுத்துக்கொண்டு நாலு ஆள் தள்ளிப் போய் நின்றான். டாக்டரம்மா நல்ல மாதிரி. புண்ணைக் கழுவி, மருந்து அடித்து, ஊசி போட்டு, கரைத்து ஊற்ற மாத்திரை கொடுத்தார். "மூணு நாள் தாண்டிட்டா பொழச்சிரும்மா. தாண்டணும்" என்றார்.

இதில் இன்னொரு கூத்து. டீச்சர் தினமும் பதினொரு மணிக்கு வீடியோ கால் போடுவார். ஒச்சம்மாள் கோழியை மடியில் வைத்து, அடிபடாத வலது பக்கத்தை மட்டும் போனுக்குக் காட்டுவாள்.

"என்னடி, அது அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கு?"

"ஒங்க மேல கோவமா இருக்கு டீச்சர். விட்டுட்டுப் போயிட்டீங்கள்ல."

"எளச்ச மாதிரி தெரியுதே."

"போன்ல அப்பிடித்தான் தெரியும். நானும்தான் போன்ல எளச்சுத் தெரியிறேன்."

டீச்சர் சிரிப்பார். போனை வைத்ததும் ஒச்சம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சொல்லிவிடலாம்தான். ஆனால் நிறைமாதப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறவரிடம், உங்கள் வீட்டுக்காரர் வாங்கிவிட்ட கோழியை நாய்க்குக் கொடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

மூன்றாம் நாள் கோழி கழுத்தைப் போட்டுவிட்டது. மாத்திரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகில் விட்டால் அப்படியே வழிந்தது. கண்ணில் பாதிக்கு மேல் தோல் மூடியிருந்தது. தொட்டால் சூடு நெருப்பாகக் கொதித்தது. பட்டப்பகல், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பாண்டியராஜ் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். ஒச்சம்மாள் கோழியை வாரி எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தோட்டத்து எல்லைக்கு நடந்தாள். கருப்புசாமிக்கு முன்னால் அதைக் கிடத்தினாள். முந்தானையில் இருந்து ஒரு நூலை இழுத்துப் பிய்த்து, அங்கே கிடந்த மஞ்சளில் தோய்த்து, அதன் காலில் கட்டினாள்.

"கருப்பா, இதப் பொழைக்க வையி. மாசிக் கும்புடுக்கு இத ஒனக்கே தாரேன்."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீடுகளில் ஆட்டுக்குட்டிக்கோ கன்றுக்கோ கோழிக்கோ சீக்கு முற்றினால் இப்படித்தான் செய்வார்கள். அந்த உருப்படியையே சாமிக்கு நேர்ந்துவிடுவார்கள். தன்னுடையது என்று ஆகிவிட்டால் சாமி அதைச் சாகவிடாது, திருவிழா வரைக்கும் காப்பாற்றி வைத்துக்கொள்ளும் என்று கணக்கு. ஒச்சம்மாள் இதுவரை மூன்று குட்டிகளை அப்படி நேர்ந்துவிட்டிருக்கிறாள். மூன்றும் பிழைத்தன. மூன்றையும் மாசியில் கொடுத்தாள். ஆபத்து என்றதும் வாய் தன்பாட்டுக்குப் பழகியதைச் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை பங்கஜம் கழுத்தைத் தூக்கியது. தண்ணீரை அதுவாகவே குடித்தது. கம்பை நீட்டினால் கையில் கொத்தியது. ஒச்சம்மாளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவேயில்லை. "சாரு, ஒங்க பொண்ணு எந்திரிச்சிருச்சு" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். பிறகுதான் கோழியின் காலில் மஞ்சள் நூலைப் பார்த்தாள். மாசிக்குத் தாரேன் என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது.

பாண்டியராஜ் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "அடுத்தவுக கோழிய நேந்துவிட ஒனக்கு யாருடி அதிகாரம் குடுத்தா? டீச்சரம்மா வந்து, எங்கடி என் கோழின்னு கேட்டா, சாமிக்கு வெட்டிட்டோம்னு குழம்புச் சட்டியக் காட்டுவியா?"

"அதான் எனக்குந் தெரியல."

"போயிப் பூசாரியக் கேளு. நான் இதுல தலையிடமாட்டேன்."

பூசாரி பொன்னுத்துரைக்கு பஸ் ஸ்டாப்பில் பஞ்சர் கடை. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார். நிலத் தகராறு விசாரிக்கிற மாதிரி கேள்வி கேட்டார்.

"கோழி யாரு கோழி?"

"டீச்சரு கோழி."

"ஒனக்குக் குடுத்துட்டாகளா, பாத்துக்கச் சொன்னாகளா?"

"பாத்துக்கத்தான் சொன்னாக."

"அப்ப ஒன் நேர்ச்ச செல்லாது தாயி. நம்ம உடமையத்தான் நாம நேர முடியும். கருப்பு நியாயஸ்தரு. அடுத்தவுக பொருளுக்கு ஆசப்படமாட்டாரு."

ஒச்சம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பொன்னுத்துரை டியூபைத் துடைத்துவிட்டு விரலை உயர்த்தினார்.

"செத்த நில்லு. வாய்விட்டு இத ஒனக்கே தாரேன்னு சொல்லிட்டல்ல. சொன்னது சொன்னதுதான். என்னைக்காச்சும் அந்தக் கோழி ஒனக்குச் சொந்தம்னு ஆச்சுன்னா, அன்னையிலருந்து அது கருப்போடது. அடுத்து வார மாசிக்குக் குடுத்துப்புடணும். அந்த நூல அவுக்காத."

"வேற கோழி குடுத்தா ஆகாதா? சேவலாவே குடுக்குறேன்."

"நீ கேட்டது எத? அது உசுரத்தான? வேற எப்பிடிக் குடுப்ப?"

 ஒச்சம்மாள் கவலைப்படவில்லை. கோழி டீச்சருடையது, டீச்சர் வருவார், கோழியை வாங்கிக்கொள்வார், அதோடு விஷயம் முடிந்தது. தை பிறந்தது. ஐரினுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பங்கஜம் இரண்டு பக்கத்தையும் போனில் காட்டுகிற அளவுக்குத் தேறியது. பகலில் அது வேப்பமரத்தடியில் மண்ணைக் கிளறும். ஒச்சம்மாள் சேலை முந்தானையில் பூவைக் கொட்டிக் கட்டிக்கொண்டே அதைப் பார்த்திருப்பாள். பழைய சத்தமெல்லாம் காதில் வரும். காய் உருட்டுகிற சத்தம், சார் செருமுவது, மாடியிலிருந்து ஐரின் சிரிப்பது. எதிரே டீச்சர் வீடு பூட்டிக் கிடக்கும். பரவாயில்லை, தை கடைசியில் வந்துவிடுவார் என்று சொல்லிக்கொள்வாள்.

டீச்சர் வந்தார். பெட்டியோடு வராமல் கைப்பையோடு வந்தார். அதைப் பார்த்ததுமே ஒச்சம்மாளுக்குத் திக்கென்றது.

"நாலு நாள்தான் ஒச்சம்மா. லீவு முடிஞ்சா ஐரின் வேலைக்குப் போகணும். புள்ளையப் பாத்துக்க ஆள் வேணும். அங்கயே வந்து இருந்துருங்கம்மாங்கிறா. மாப்பிள்ளையும் கூப்பிடுறாரு. வீட்ட வாடகைக்கு விட்ரலாம்னு பேச்சு." டீச்சர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார். "எனக்கும் வயசு அறுபத்தேழு ஆகுதுல்ல."

"நல்லதுதான் டீச்சர்" என்றாள் ஒச்சம்மாள். வேறென்ன சொல்வது? போகாதீர்கள் என்று சொல்ல அவள் யார்? அன்றைக்குக் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள்.

பங்கஜத்தைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் டீச்சர் வீட்டை ஒதுங்கவைத்தார். மூன்றாம் நாள் காலை, ஒச்சம்மாள் வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தபோது, வேப்பமரத்தைத் தாண்டி வந்தார். ஒரு கையில் பஞ்சாரம், அதற்குள் கம்புப் பை. இன்னொரு கையில் பங்கஜம். பஞ்சாரத்தைக் கீழே வைத்தார். கோழியின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, மாடு கன்று கைமாற்றிக் கொடுப்பது போல இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தா, பிடி. அங்க அபார்ட்மெண்டுல கோழி வச்சுக்க விடமாட்டாங்க. வேற யாருக்கு நான் இதக் குடுக்க? இனிமே இது ஒன் கோழி ஒச்சம்மா."

ஒச்சம்மாள் எழுந்தாள். நீட்டிய கோழியைப் பார்த்தாள். அதன் காலில் மஞ்சள் நூல். மாசிக் கும்பிடுக்கு இன்னும் பதினாறு நாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர்."

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. "என்னது?"

"நான் வாங்கமாட்டேன்."

"வயசான கோழிதான். முட்ட போடாதுதான். இன்னும் ரெண்டு வருசமோ மூணு வருசமோ. அதுவரைக்கும் ஒரு கை கம்பு போட ஒனக்கு மனசில்லையா?" டீச்சர் கோழியைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். "அவரு வாங்குனது ஒச்சம்மா. ஒனக்குத் தெரியாதா?"

ஒச்சம்மாள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். நாய், ஆஸ்பத்திரி, கருப்புசாமி, பஞ்சர் கடைத் தீர்ப்பு, ஒன்றையும் விடவில்லை. "ஒங்க கோழியா இருக்கற மட்டும் அதுக்கு உசுரு டீச்சர். என் கோழின்னு ஆன அன்னைக்கு அது கருப்புக்குப் போயிரும். ஆசைதான் எனக்கு. அதத் தொட்டா அந்த நாளெல்லாம் கையில வருது. ஆனா வாங்கமாட்டேன்."

டீச்சர் பூக்கூடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார். கோழியை மடியில் வைத்து இடது இறக்கையைத் தூக்கி, இறகை விலக்கிப் பார்த்தார். இறகு முளைக்காத ஒரு விரல் நீளத் தழும்பு. அதை விரலால் தடவினார்.

"இதுக்குத்தான் வலது பக்கத்தையே காட்டுனியா?"

"பயந்துட்டேன் டீச்சர்."

"ஒரு சேவல் தாரேன், ஆடு தாரேன்னு நேந்திருக்கலாமே. எதுக்கு இதையே குடுத்த?"

ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சாரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஆடுதான் டீச்சர் நேந்தேன். வீட்டுல இருந்ததுலயே நல்ல கெடாயா. சாமி கேக்கல. அதான் இந்தத் தடவ..."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்து வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இதை வைத்துக்கொண்டு இருந்தது அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே பெங்களூருக்குப் போயிருப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது.

"இப்ப என்ன செய்யணுங்கிற?" என்று கேட்டார்.

"கோழி எங்கிட்டயே இருக்கட்டும். தீவனம் போடுறேன், அடைக்கிறேன், எல்லாஞ் செய்யிறேன். ஆனா ஒங்க கோழி." ஒச்சம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒங்க கோழின்னா நீங்க வந்து பாக்கணும். வராம விட்டுட்டீங்கன்னா ஊரு வாய மூட முடியாது. ஒச்சம்மா கோழி, ஒச்சம்மா கோழின்னு பேச ஆரம்பிச்சிருவாக. அது கருப்பு காதுல விழும்."

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "எத்தன நாளைக்கு ஒருக்கா வந்தா ஒங்க கருப்பு ஒத்துக்குவாரு?"

"மாசம் ஒருக்கா வந்தா நல்லது."

அந்த நேரம் பார்த்து டீச்சரின் போன் அடித்தது. ஐரின். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "அம்மா, கோழிய ஒச்சம்மா அத்தைகிட்டக் குடுத்துட்டீங்களா? புரோக்கர் வீடு பாக்க இன்னைக்கு வரலாமான்னு கேக்குறாரு."

"குடுக்கலம்மா. அது நம்ம கோழிதான். புரோக்கர வேணாம்னு சொல்லிரு. வீடு அப்பிடியே இருக்கட்டும். மாசம் ஒருக்கா நான் இங்க வரணும்."

"என்னம்மா சொல்றீங்க? ஒரு கோழியப் பாக்கவா மாசாமாசம் பெங்களூர்ல இருந்து பஸ் ஏறுவீங்க?"

டீச்சர் மடியில் இருந்த பங்கஜத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, எதிரே மறுபடியும் கையைப் பின்னால் கட்டியபடி நிற்கிற ஒச்சம்மாளைப் பார்த்தார்.

"ஆமாம்மா. நான் வரலேன்னா அது செத்துப்போகும்."